டர்க்கி சொதப்பும்போது: ஓவனா, கொதிக்கும் எண்ணெயா, எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது எப்படி

தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் அமெரிக்க விருந்து நாள்) முழு டர்க்கி, அதாவது வான்கோழி, வாங்கியாகிவிட்டது, அதை ஓவனில் ரோஸ்ட் செய்வதா, கொல்லைப்புறத்தில் அண்டா வைத்து எண்ணெயில் பொரிப்பதா என்று வீட்டில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், ருசியை வைத்து முடிவெடுக்காதீர்கள். சரியாக வந்தால் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். தவறினால் எதில் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது என்று பாருங்கள். ஓவன் மெதுவாகத் தவறும். கறி மூன்று நான்கு மணி நேரம் உள்ளே கிடக்கிறது, நடுவில் திறந்து பார்க்கலாம், ஃபாயில் போட்டு மூடலாம், காலை மட்டும் வெட்டித் திரும்ப வைக்கலாம், வந்தவர்களுக்கு இன்னொரு சுற்று பஜ்ஜி கொடுத்துச் சமாளிக்கலாம். எண்ணெயில் அப்படி இல்லை. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், உண்மைதான், ஆனால் அதில் வரும் பெரும்பாலான பிரச்சினைகள் பறவை எண்ணெயில் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் முறை செய்பவர், வீட்டில் பத்துப் பேர் வருகிறார்கள், என்றால் ஓவன். அதுவும் முதுகெலும்பை எடுத்துத் தட்டையாக்கிய டர்க்கி. பொரிப்பது, 12 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன பறவையும் திறந்த முற்றமும் இருப்பவர்களுக்கு. ஓவன் காலியாகிவிடும், அதில் பை (pie), கேசரோல் எல்லாம் நிம்மதியாக வைக்கலாம் என்பது பொரிப்பதில் இருக்கும் பெரிய லாபம், ருசியைவிடப் பெரிய லாபம் என்றுகூடச் சொல்வேன்.

கீழே அறிகுறி வாரியாக இருக்கிறது. உங்கள் பிரச்சினை எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள். அளவெல்லாம் பவுண்ட், ஃபாரன்ஹீட்தான், அமெரிக்கக் கடை லேபிளும் ஓவன் பட்டனும் அப்படித்தானே இருக்கின்றன. உடனே அளவு காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கையில் வேண்டும். அது இல்லாவிட்டால் இதில் பாதி உங்களுக்கு உதவாது, போய் வாங்கிவந்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

வியாழக்கிழமை காலை, கறி இன்னும் உறைந்து கிடக்கிறது

எல்லாப் பிரச்சினைக்கும் தாய் இது. பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் டர்க்கி சந்தேகங்களுக்கென்றே தொலைபேசி உதவி நடத்துகிறது, அதில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்வியே உறைந்த பறவையை இளக்குவது பற்றித்தான். ஃப்ரிட்ஜில் வைத்து இளக்க நான்கைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும். 15 பவுண்ட் டர்க்கியைச் செவ்வாய் இரவு ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வைத்தால் வியாழன் காலை அது நிச்சயம் தயாராக இருக்காது. ஞாயிறே எடுத்திருக்க வேண்டும்.

வெளியே தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். நெஞ்சுப் பக்கம் விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும், ஆஹா இளகிவிட்டது என்று தோன்றும். வயிற்றுக்குள் கையை விடுங்கள். கடையிலேயே உள்ளே வைத்துத் தரும் கழுத்துத் துண்டு விலா எலும்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், அதைச் சுற்றி விரல் நுனியில் நறநறவென்று பனித்துகள் படும், ஈரல் வைத்த காகிதப் பொட்டலத்தை இழுத்தால் பாதி கிழிந்து கையோடு வரும். இப்படி இருந்தால் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம். தொடை நெஞ்சோடு சேரும் இடத்தையும் பாருங்கள், கடைசியாக இளகும் இடங்களில் அதுவும் ஒன்று.

நேரம் இருந்தால் உறையைப் பிரிக்காமல் சிங்க்கிலோ பெரிய வாளியிலோ குளிர்ந்த தண்ணீரில் முழுக வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி நேரம் கணக்கு, 12 பவுண்டுக்கு ஆறு மணி நேரம். அவசரம் என்று வெந்நீர் ஊற்ற வேண்டாம், மேடையில் அப்படியே விட்டு வைக்கவும் வேண்டாம். 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே மேல் கறி அந்தச் சூட்டுக்குப் போய்விடும். தண்ணீரில் இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும், திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

நேரமே இல்லையா? உறைந்த டர்க்கியை அப்படியே 325 டிகிரி ஓவனில் வைக்கலாம். அமெரிக்க வேளாண் துறையே அனுமதிக்கும் வழிதான், வழக்கமான நேரத்தைவிடக் குறைந்தது பாதி மடங்கு கூடுதலாகப் பிடிக்கும். 12 முதல் 14 பவுண்ட் பறவை இளகிய நிலையில் மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் என்றால், உறைந்தது நாலரை மணி நேரத்துக்கு மேல் போகும். நடுவில் இளகியதும் கிடுக்கியால் உள்ளே இருக்கும் பொட்டலத்தை உருவி எடுத்துவிடுங்கள். தோல் அவ்வளவு அழகாக வராது, ஆனால் சாப்பாடு இருக்கும்.

இந்தச் சலுகை ஓவனுக்கு மட்டும். வயிற்றுக்குள் ஒரு துண்டு பனி இருந்தாலும் பொரிக்கும் திட்டத்தை அங்கேயே கைவிட்டுவிடுங்கள், பேச்சே வேண்டாம். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. பனி எண்ணெயைவிடக் கனமான தண்ணீராக உருகி அடியில் இறங்கும், அங்கே 350 டிகிரியில் நொடியில் ஆவியாகும், அந்த ஆவி மேலே இருக்கும் எண்ணெயை எல்லாம் தூக்கிக்கொண்டு பாத்திரத்துக்கு வெளியே வரும், வெளியே பர்னரில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. நவம்பர் மாதம் வலம் வரும் தீப்பிழம்பு வீடியோக்கள் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்தான்.

பறவையை இறக்கியதும் எண்ணெய் பொங்கி வழிகிறது

பனி இல்லை, நன்றாக இளகிவிட்டது, இருந்தாலும் பொங்குகிறதென்றால் மேலே ஈரம் இருந்திருக்கும், இல்லாவிட்டால் எண்ணெய் அதிகம்.

ஈரத்தைப் பற்றி நம் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கறி என்றால் மஞ்சள் போட்டு நான்கு தண்ணீர் கழுவினால்தான் நமக்கு மனசு ஆறும். டர்க்கியைக் கழுவாதீர்கள். சிங்க்கில் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் கிருமிகளைப் பக்கத்தில் இருக்கும் சாலட் வரைக்கும் கொண்டுபோகும், வெப்பம் எப்படியும் அவற்றைக் கொன்றுவிடப் போகிறது. பொரிப்பதாக இருந்தால் கழுவிய தண்ணீர் வயிற்றுக்குள் தங்கி வேறு தொல்லை கொடுக்கும். காகித டவலால் வெளியேயும் உள்ளேயும் ஒற்றி எடுங்கள், இறக்கைக்கு அடியிலும் கழுத்துத் தோலுக்கு அடியிலும் மறக்காமல் ஒற்றுங்கள், முந்தைய நாள் இரவே மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. கழுத்துப் பக்கம் தொங்கும் தோலை வெட்டிவிடுங்கள், எண்ணெய் உள்ளே புகுந்து தடையில்லாமல் வெளியே வர அந்த வழி திறந்திருக்க வேண்டும். காலைக் கட்டி வைத்திருக்கும் கம்பியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

எண்ணெய் எவ்வளவு என்பதைக் கண்ணால் மட்டம் பார்த்து முடிவு செய்யவே கூடாது. பறவையை உறையோடு காலிப் பாத்திரத்தில் வையுங்கள், அது முழுவதும் மூழ்கி மேலே அரை அங்குலம் தண்ணீர் நிற்கும் வரை ஊற்றுங்கள், பறவையை வெளியே எடுங்கள், இப்போது தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். எண்ணெய் அந்தக் கோடு வரைதான். கோட்டுக்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் நடுவில் நாலைந்து அங்குலமாவது இல்லையென்றால் பாத்திரம் சின்னது, இல்லை பறவை பெரிது. பிறகு பாத்திரத்தைத் துளி ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும், இதைச் செய்யாமல் விட்டுவிட்டு அளந்து என்ன பயன்? 12 பவுண்ட் பறவைக்கு 30 குவார்ட் பாத்திரமும் சுமார் மூன்று கேலன் எண்ணெயும் பொதுவாகப் போதும்.

இறக்குவதற்கு முன் பர்னரை அணைத்துவிடுங்கள். இதை மட்டும் தவறாமல் செய்தாலே போதும், பொங்கினால்கூட வழிந்த எண்ணெய் பற்றிக்கொள்ள அடியில் நெருப்பு இருக்காது. பறவையை மாட்டிய கொக்கியைப் பிடித்து மெதுவாக, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நுரை விறுவிறுவென்று ஏறினால் தூக்குங்கள், அடங்கட்டும், மறுபடி இறக்குங்கள். முழுவதும் மூழ்கி, கொதிப்பு ஒரே சீராக வந்த பிறகு பர்னரைப் பற்ற வையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கை எட்டும் தூரத்தில் சின்னதாக எரிந்தால் கேஸை மூடிவிட்டுப் பாத்திரத்தை மூடியால் மூடுங்கள், கொழுப்புத் தீக்கு ஏற்ற தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் எல்லோரையும் விலக்கிவிட்டு 911. எரியும் பாத்திரத்தைத் தூக்கி நகர்த்த நினைக்கவே நினைக்காதீர்கள்.

இடம் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். சமதளமான வெறுந்தரை, வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி. மரத்தால் ஆன டெக் கூடாது, கராஜ் கூடாது, கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் கூடாது. அபார்ட்மெண்ட் பால்கனியில் இதைச் செய்ய பெரும்பாலான ஊர்களில் விதியே இடம் தராது. மழைத் தூறலோ பனியோ விழுந்தால் ரத்து, ஒவ்வொரு துளியும் மேலே சொன்ன அதே வேலையைச் செய்யும். மூடிய ஷூ, முழுக்கை, கனமான கையுறை. ரப்பர் செருப்போடு வந்து நின்று கொக்கியைப் பிடிக்கும் மாமாக்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (NFPA) எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் டர்க்கி ஃப்ரையரையே வேண்டாம் என்கிறது. சமையலால் வீடுகளில் தீப்பிடிப்பது ஆண்டிலேயே அதிகமாக இருக்கும் நாளும் தேங்க்ஸ்கிவிங்தான், அவர்கள் சொல்வதைப் பயமுறுத்தல் என்று தள்ள முடியாது. வீட்டுக்குள் வைக்கும் மின்சார ஃப்ரையர்கள் வந்திருக்கின்றன, திறந்த நெருப்பு இல்லை என்பதால் ஆபத்து குறைவு, ஆனால் ஈரக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

எண்ணெய் புகைகிறது

பர்னரை அணையுங்கள், இப்போதே. காரணத்தை அப்புறம் தேடலாம். புகையைத் தாண்டி விட்டுவிட்டால் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் முனை அடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ எண்ணெயில் சரியாக முங்காமல் இருந்தாலோ தப்பான அளவு காட்டும். அது இல்லையென்றால் எண்ணெய்தான் தப்பு. கடலை எண்ணெய் என்று அமெரிக்கர்கள் சொல்வது சுத்திகரித்த எண்ணெயை, அது 450 டிகிரி வரை தாங்கும். ஊரிலிருந்து ஆசையாக வரவழைத்த செக்குக் கடலை எண்ணெய் 320 டிகிரி பக்கத்திலேயே புகையத் தொடங்கும், அதாவது பொரிக்க வேண்டிய சூட்டை எட்டுவதற்கு முன்பே. அதைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு வருபவர்களில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இருந்தால் கனோலா.

மேலே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

பொரிக்கும்போது இது நடந்தால் மூன்று விஷயத்தைப் பாருங்கள். எண்ணெய் 350 டிகிரியைத் தாண்டிப் போயிருக்கலாம். மேலே பூசியதில் சர்க்கரை, தேன், தயிர் ஏதாவது இருந்திருக்கலாம், தந்தூரிக்குப் பூசுகிற மாதிரி தயிர் மசாலா பூசி எண்ணெயில் இறக்கினால் பத்தே நிமிடத்தில் மசாலா கரியாகி எண்ணெய் முழுக்கக் கசப்பு ஏறிவிடும். அல்லது பறவை பெரிதாக இருந்திருக்கும். 350 டிகிரியில் பவுண்டுக்கு மூன்றிலிருந்து மூன்றரை நிமிடம் கணக்கு, 12 பவுண்டுக்கு நாற்பது நிமிடம் வாக்கில். 18 பவுண்ட் பறவையை இதே கணக்கில் போட்டால் தோல் தீய்ந்துபோகும் நேரத்தில் தொடை மூட்டு இன்னும் பச்சையாக இருக்கும். இருபது பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் இரண்டு சின்ன பறவை வாங்குங்கள்.

இப்போது கையில் கருகியது இருக்கிறது, என்ன செய்வது? பர்னரை அணைத்து, மெதுவாகத் தூக்கி, வயிற்றுக்குள் தேங்கிய எண்ணெய் முழுக்க வடியும் வரை பாத்திரத்துக்கு மேலேயே பிடித்திருந்து, தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். நெஞ்சு 140-இல் இருந்தால் திரும்ப எண்ணெயில் விடாதீர்கள். ட்ரேயில் கம்பித்தட்டு வைத்து அதன் மேல் வைத்து, ஃபாயிலால் லேசாக மூடி 325 டிகிரி ஓவனில் 165 வரும் வரை விடுங்கள். அதனால்தான் பொரிக்கிற நாளிலும் ஓவனைச் சூடாக வைத்திருக்கச் சொல்கிறேன். ஓவன் தவறினால் எண்ணெய் காப்பாற்றாது, எண்ணெய் தவறினால் ஓவன் காப்பாற்றும்.

ரோஸ்ட் செய்யும்போது நெஞ்சுப் பக்கம் கருத்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஃபாயில் துண்டு போட்டு, ட்ரேயை ஒரு தட்டு கீழே இறக்குங்கள். அவ்வளவுதான்.

தோல் மொறுமொறுப்பாக வரவில்லை

பொரித்த டர்க்கியில் தோல் வெளுத்து எண்ணெய் குடித்திருந்தால் சூடு 325-க்குக் கீழே போய் அங்கேயே நின்றிருக்கிறது. காற்று அடித்திருக்கும், பர்னர் சக்தி போதாமல் இருந்திருக்கும். குளிர்ந்த கறி இறங்கியதும் எண்ணெய்ச் சூடு கணிசமாக இறங்கும், அதனால் 375-க்குச் சூடாக்கி இறக்கினால் 350 பக்கத்தில் வந்து நிற்கும்.

ரோஸ்டில் தோல் ரப்பராக இருந்தால் ஈரம்தான் குற்றவாளி. ஆழமான ட்ரேயில் அடியில் தண்ணீரோ ஸ்டாக்கோ (எலும்பு வேகவைத்த சாறு) ஊற்றி, முழு நேரமும் ஃபாயிலால் மூடி வைத்தால் அது ஆவியில் வேகிறது, சுடப்படவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து ட்ரேயில் சொட்டிய சாறை எடுத்து மேலே ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஊற்றுவது தோலுக்குள் இறங்காது, தோலை நனைக்கத்தான் செய்யும், திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓவன் சூடு இறங்கி நேரம் இழுக்கும். அடுத்த முறை இரண்டு நாளுக்கு முன்பே உப்போடு கொஞ்சம் பேக்கிங் பவுடர் கலந்து தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பேக்கிங் சோடா அல்ல. இன்றைக்கே சரிசெய்ய வேண்டுமென்றால் கடைசிப் பதினைந்து நிமிடம் 425-க்கு ஏற்றுங்கள், நெஞ்சுச் சூட்டைப் பார்த்துக்கொண்டே.

நெஞ்சுக்கறி வறண்டு நார்நாராக இருக்கிறது

டர்க்கி என்றாலே முகம் சுளிப்பவர்கள் சாப்பிட்டது இதைத்தான். ரோஸ்ட் செய்யும் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடமும் இதுதான், ஏனென்றால் ஒரே பறவைக்குள் இரண்டு விதமான கறி இருக்கிறது. நெஞ்சுக்கு 165 போதும், அதைத் தாண்டிப் போகப் போக வறளும். தொடையும் காலும் 165-இல் பாதுகாப்பாக வெந்துவிட்டாலும் சவ்வெல்லாம் இளகிச் சுவையாக மாற 175 வரை போக வேண்டும். ஆனால் முழுப் பறவையை வழக்கம்போல் வைத்தால் நெஞ்சு மேலே நேரடி வெப்பத்தில் இருக்கிறது, தொடை கீழே ட்ரேயின் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதிகம் வேக வேண்டியது குறைவாகவும், குறைவாக வேக வேண்டியது அதிகமாகவும் வேகிறது. தொடைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நெஞ்சு போய்விடுகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சரியான மருந்து, முதுகெலும்பை எடுத்துத் தட்டையாக்குவது. பறவையைக் குப்புறப் போட்டு, நல்ல கனமான சமையல் கத்தரிக்கோலால் வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் ஒரு ஓரமாகவே வெட்டிக்கொண்டு போங்கள், விலா எலும்புகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று வெட்டுப்படும், தொடை மூட்டருகே மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அங்கே கத்தரியை அரை அங்குலம் நடுப்பக்கமாகத் தள்ளினால் வழிவிடும். மறு ஓரத்திலும் அதே மாதிரி. முதுகெலும்பு தனியாக வந்துவிடும், அதைக் கிரேவிக்கு வையுங்கள். பறவையைத் திருப்பிப் போட்டு நெஞ்செலும்பின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்துங்கள், எலும்பு உடையும் சத்தம் கேட்டுத் தட்டையாகப் படுத்துவிடும். இப்போது தொடை இரண்டும் வெளியே விரிந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். 12 பவுண்ட் பறவை 425 முதல் 450 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும், தோல் முழுக்க மேல்பக்கமாக இருப்பதால் எல்லா இடமும் மொறுமொறுக்கும். மேஜையில் வைத்துப் படம் எடுக்கும்போது அந்தப் பாரம்பரிய உருண்டை வடிவம் வராது, அது வேண்டும் என்பவர்கள் வறண்ட நெஞ்சுக்கறியைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூடவே நெஞ்சில் குத்தி வரும், வெந்ததும் பொத்தென்று மேலே எழும் பிளாஸ்டிக் டைமரை நம்பாதீர்கள். அது எழும் நேரத்தில் நெஞ்சு பெரும்பாலும் அளவு தாண்டியிருக்கும். பவுண்டுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கும் எப்போது பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லுமே தவிர எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லாது. கணக்கு சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி முன்பிருந்தே தெர்மாமீட்டரைக் குத்துங்கள். நெஞ்சின் கனமான இடத்தில், எலும்பில் படாமல். தொடையின் உட்புறத்தில், மூட்டுக்குப் பக்கத்தில். ஓவனிலிருந்து வெளியே எடுத்த பிறகும் உள்ளே சூடு ஐந்து டிகிரி போல ஏறும், எனவே நெஞ்சு 160 காட்டும்போது எடுத்து வைத்து, 165-ஐத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு வெட்டலாம். தொடாவிட்டால் திரும்ப உள்ளே.

எண்ணெயில் பொரித்தால் தானாகவே சாறோடு இருக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. நேரம் குறைவு என்பதால் சாறு தங்குகிறது, எண்ணெய் உள்ளே போய் ஈரமாக்குவதில்லை. அங்கே சூடு வேகமாக ஏறுவதால் ஐந்து நிமிடம் பேச்சில் கவனம் போனாலே ஓவனில் அரை மணி நேரம் விட்ட மாதிரி வறண்டுவிடும்.

ஏற்கெனவே வறண்டுவிட்டதா? நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டி, சூடான ஸ்டாக்கை மேலே ஊற்றிப் பரிமாறுங்கள். இல்லையென்றால் பிய்த்துப்போட்டு வெங்காயம், கறிவேப்பிலை, நிறைய மிளகு போட்டு வறுத்துவிடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

உள்ளே சப்பென்று இருக்கிறது, மசாலா ஏறவே இல்லை

கோழியைச் சின்னத் துண்டாக வெட்டிக் குழம்பு வைத்துப் பழகிய நமக்கு வரும் ஏமாற்றம் இது. மசாலா எவ்வளவு நேரம் ஊறினாலும் மேலே ஒரு மெல்லிய அடுக்கைத் தாண்டி உள்ளே போகாது. உப்பு மட்டும் போகும், நாள் கொடுத்தால். நான்கைந்து பவுண்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி கோஷர் உப்பு (அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பரல் உப்பு), நம் தூள் உப்பு என்றால் அதில் பாதி, தோலை மெதுவாகத் தூக்கி உள்ளேயும் தடவி இரண்டு நாள் ஃப்ரிட்ஜில். உப்புத் தண்ணீர் வாளியில் ஊறவைப்பதைவிட இது எளிது, பொரிப்பதற்கும் இதுவே பாதுகாப்பு.

ஆனால் முதலில் லேபிளைப் படியுங்கள். இத்தனை சதவீதம் கரைசல் சேர்த்தது என்று போட்டிருந்தால் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள், யூத உணவு முறைப்படி தயாரித்த கோஷர் டர்க்கியும் உப்பிட்டதுதான். அதன் மேல் முழு அளவு உப்பு போட்டால் கிரேவிவரை வாயில் வைக்க முடியாது.

ருசியை உள்ளே கொண்டுபோக ஊசிதான் வழி. முழு டர்க்கியைப் பொரிப்பதே அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் (பிரெஞ்சு வழி வந்த மக்கள்) சமையலிலிருந்து பரவியது, நண்டும் கிராஃபிஷும் (நன்னீர் இறால் போன்றது) வேகவைக்கும் பெரிய பாத்திரமும் கேஸ் பர்னரும் அங்கே கொல்லைப்புறத்தில் ஏற்கெனவே இருந்தன. அவர்கள் உருக்கிய வெண்ணெய், பூண்டு, சிவப்பு மிளகாய் கலந்து ஊசியால் ஏற்றுவார்கள். பூண்டு விழுதை வடிகட்டாமல் போட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும், தூள் வகைதான் வசதி. தோலில் ஒரே ஓட்டை போட்டு, அதே ஓட்டை வழியாக ஊசியை நாலு திசையில் திருப்பி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஏற்றியது எல்லாம் வெளியே வழியும். வழிந்ததை ஒற்றி எடுத்த பிறகுதான் எண்ணெய்.

மூட்டருகே சிவப்பாக இருக்கிறது, யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்

நிறத்தை நம்பாதீர்கள், எந்தப் பக்கமும். நன்றாக வெந்த டர்க்கியிலும் எலும்போரம் சிவப்பு இருக்கலாம், வெளுத்த கறி வேகாமலும் இருக்கலாம். மூன்று இடத்தில் குத்தி எல்லாம் 165 என்றால் சாப்பிடலாம். இல்லையென்றால் காலையும் தொடையையும் மட்டும் வெட்டி 400 டிகிரி ஓவனில் வைத்துவிட்டு, வெந்த நெஞ்சுக்கறியை முதலில் பரிமாறிக்கொண்டிருங்கள். முழுதாகத் திரும்ப உள்ளே தள்ளினால் நெஞ்சும் சேர்ந்து போய்விடும்.

வெட்டும்போது உள்ளே ஒரு பொட்டலம்

காகிதமாக இருந்து கறி 165 எட்டியிருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். பிளாஸ்டிக் உருகியிருந்தால் முழுப் பறவையும் குப்பைக்கு.

கிரேவிக்கு ஒன்றுமே இல்லை

பொரிப்பவர்கள் கடைசி நேரத்தில் கண்டுபிடிக்கும் விஷயம் இது. ட்ரேயில் சொட்டிய சாறும் கொழுப்பும்தான் கிரேவி, எண்ணெய்ப் பாத்திரத்தில் அது கிடையாது. புதன்கிழமையே கடையில் டர்க்கி இறக்கைகள் வாங்கி, கழுத்துத் துண்டோடு சேர்த்து ஓவனில் நன்றாகச் சிவக்க வறுத்து, வெங்காயம் கேரட் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி வையுங்கள். ரோஸ்ட் செய்பவர்களும் இதைச் செய்தால் பரபரப்பு குறையும். ஸ்டஃபிங்கும் (வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை) அப்படித்தான், பொரிக்கும் பறவைக்குள் எதையும் அடைக்கக் கூடாது, ரோஸ்டில் அடைத்தால் அதன் நடுப்பகுதியும் 165 வர வேண்டும், அதற்குள் நெஞ்சு வறண்டுவிடும். தனிப் பாத்திரத்தில் வேகவையுங்கள்.

எல்லாம் முடிந்தது, மூன்று கேலன் எண்ணெய் நிற்கிறது

அன்றிரவு அதைத் தொடாதீர்கள், மூடி போட்டு, குழந்தைகளும் நாயும் போகாத இடமாகப் பார்த்து விட்டுவிடுங்கள், பல மணி நேரத்துக்குப் பிறகும் அது கையைப் பொசுக்கும். மறுநாள் துணியில் வடிகட்டி, வாங்கிய அதே கேனில் ஊற்றி, குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வைத்தால் இன்னும் சில முறை பயன்படுத்தலாம். நுரைத்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் சிங்க்கில் ஊற்றினால் பிளம்பர் பில் டர்க்கியைவிட அதிகமாக வரும். பல ஊர்களில் நகராட்சியே பழைய சமையல் எண்ணெயைப் பெற்றுக்கொள்கிறது. மிச்சக் கறியை மட்டும் அன்றே பாருங்கள், பரிமாறி இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீஸர்.